அகதி முகாமிலிருந்து வரும் நோயாளியைக் கவனிக்க மருத்துவ மாணவர்களுக்கு எப்படிச் சொல்லித்தருவது?

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் சமுதாய மருத்துவத் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உதவிப் பேராசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கல்லூரிக்குப் பக்கத்திலேயே இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கிருந்து தினமும் யாராவது ஓ.பி.க்கு வருகிறார்கள். அகதி நோயாளிகளைக் கவனிப்பது பற்றி எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டுமா? வேண்டுமென்றால் எங்கே தொடங்குவது?"

கட்டாயம் சொல்லித்தர வேண்டும். இதே துறையில் பல ஆண்டுகளாக மாணவர்களை முகாம்களுக்கு அழைத்துப் போய்வருகிறவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோயாளி எங்கிருந்து தப்பி வந்தார் என்று விசாரிப்பதற்கு முன்னால், அவர் இன்று எங்கே, எப்படி வாழ்கிறார் என்று தெரிந்துகொள்ளும் பழக்கம் மாணவருக்கு வர வேண்டும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அகதிகள் மருத்துவம் என்று தேடினால் கிடைக்கும் பாடத்திட்டங்களில் பெரும்பகுதி அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் எழுதப்பட்டவை. அங்கே அகதி என்றால் பெரும்பாலும் சமீபத்தில் வந்து இறங்கியவர். வந்த சில வாரங்களில் அவருக்கு ஒரு முதல் பரிசோதனை நடக்கும்: காசநோய், ஹெபடைடிஸ் பி, குடற்புழு, விடுபட்ட தடுப்பூசி, குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம், மனச்சோர்வு என்று ஒரு பட்டியல். அந்தச் சூழலுக்கு அது சரியான பட்டியல். அதையே நம் மாணவர் கையில் கொடுத்தனுப்பினால், முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலூர்ப் பக்கமோ திருச்சிப் பக்கமோ வாழும் குடும்பத்தை நேற்றுப் படகில் வந்தவர்களைப் போல நடத்திவிட்டு வருவார்.

நம்மூர் நிலவரத்தை எண்களோடு சொல்லித் தொடங்குங்கள். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். 2021இல் தமிழ்நாடு அரசு சட்டமன்றத்தில் கொடுத்த கணக்கின்படி 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தார்கள். முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிவுசெய்து வாழ்ந்தவர்கள் 34,087 பேர். முகாம்கள் 29 மாவட்டங்களில் பரவியிருக்கின்றன. அதாவது நம் அரசு மருத்துவக் கல்லூரிகளில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு முகாமுக்குப் பெரிய ஆஸ்பத்திரியாக இருக்கின்றன. அதே ஆண்டில்தான் இந்த இடங்களுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று அரசு பெயர் மாற்றியது. ஆனால் அகதிகளுக்கான 1951 ஆம் ஆண்டு உடன்படிக்கையிலோ 1967 நெறிமுறையிலோ இந்தியா கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை சேரவில்லை. ஆகவே இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், பிளஸ் டூவில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளையும் ஏட்டில் வெளிநாட்டவர்தான். அந்தப் பிள்ளைக்கு எம்.பி.பி.எஸ். இடம் கிடைப்பது குடியுரிமைச் சிக்கலால் எவ்வளவு கடினமாக இருந்துவந்திருக்கிறது என்பதையும் உங்கள் முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்லுங்கள். அவர்களோடு ஒரே வயதுக்காரர்கள் பற்றிய செய்தி அது. வகுப்பு சட்டென்று நிமிர்ந்து உட்காரும்.

முகாமில் யார் இருக்கிறார்கள் என்பதையும் பிரித்துக் காட்ட வேண்டும். ஒரே வீட்டில் மூன்று தலைமுறை இருக்கும். 1990இல் தலைமன்னார்க் கரையிலிருந்து படகேறி வந்த பாட்டி. அன்று கைக்குழந்தையாக வந்து இன்று பெயிண்டிங் வேலைக்குப் போகும் மகன். கும்மிடிப்பூண்டியில் பிறந்து இலங்கையைப் பார்த்தே இராத பேத்தி. இந்தப் பேத்தியிடம் போய் "போர் எப்படி இருந்தது, ரொம்பக் கஷ்டப்பட்டீங்களா?" என்று ஒரு மாணவர் கேட்டால் அவள் என்ன சொல்லுவாள்? அவளுடைய பிரச்சினை மாதவிடாய்க் கோளாறோ, கல்லூரிக் கட்டணமோ, பாஸ்போர்ட் இல்லாததால் கைவிட்டுப் போன வேலையோ ஆக இருக்கும். வந்தவர்களும் ஒரே காலத்தவர்கள் அல்ல. 1983 கலவரத்துக்குப் பின் வந்தவர்கள், 1990ஐ ஒட்டி வந்தவர்கள், 1996க்குப் பிறகு வந்தவர்கள், 2006க்குப் பிறகு கடைசிப் போரிலிருந்து வந்தவர்கள், 2022இல் பொருளாதார நெருக்கடியில் தனுஷ்கோடியில் வந்து இறங்கியவர்கள் என்று ஒவ்வொரு அலையும் பட்டது வேறு. கணிசமானவர்கள் மலையகத் தமிழர்கள். அவர்களுடைய முன்னோர் தமிழ்நாட்டிலிருந்தே தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்கள். மண்டபம் முகாமே வெள்ளைக்காரன் காலத்தில் அப்படிப் போனவர்களை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்துப் பரிசோதித்த இடம்தான். சமுதாய மருத்துவம் படிக்கும் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான வரலாற்றுப் பாடம் கிடைக்காது.

இனி 'இன்று' என்பதற்கு வருவோம். முகாம் ஆண்களில் நிறையப் பேர் பெயிண்டர்கள். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் கேஸ் ஷீட்டில் 'கூலி' என்று ஒரு வார்த்தையோடு முடிந்துவிடும். பெயிண்டர் என்று எழுதினால் அடுத்த கேள்விகள் தானாக வரும். சாரத்திலிருந்து எப்போதாவது விழுந்தாரா? தின்னர் வாடையில் தலைசுற்றல் உண்டா? பழைய சுவரைச் சுரண்டும்போது முகத்தில் துணி கட்டுகிறாரா? இந்தியாவில் வீட்டுப் பெயிண்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.க்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்ட் இன்னும் ஆயிரக்கணக்கான கதவிலும் ஜன்னல் கம்பியிலும் இருக்கிறது. அதைத் தேய்த்து எடுக்கிறவர் இவர். விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி, ரத்தசோகை, மணிக்கட்டு தொங்கிப்போவது போன்றவற்றோடு ஒரு பெயிண்டர் வந்தால் ஈயம் நினைவுக்கு வர வேண்டும். வேலைத் துணியோடு வீட்டுக்கு வருகிற தூசியில் குழந்தைக்கும் பங்கு உண்டு.

இன்னொன்று, வேலை வெளியூரில் இருக்கும். ஒப்பந்தக்காரர் கூப்பிட்டால் கோயம்புத்தூருக்கோ கேரளாவுக்கோ போய் வாரக்கணக்கில் தங்குவார்கள். நீரிழிவு மாத்திரை ஒரு மாதத்துக்குக் கொடுத்து "அடுத்த மாதம் வாங்க" என்றால் அவர் வரமாட்டார். பிறகு நம் பதிவேட்டில் அவர் 'ஒழுங்காக வராதவர்' ஆகிவிடுவார். காசநோய் மருந்திலும் இதே கதை. முகாமில் ஆள் கணக்கெடுப்பு நடக்கும் நாளும் இருக்கிறது. வருவாய்த் துறை அலுவலர் வந்து பெயர் சரிபார்க்கும் அன்று ஆள் இல்லையென்றால் அந்த மாத உதவித்தொகைக்குச் சிக்கல் வரலாம். அன்றைக்கு நாம் ஸ்கேனுக்கு நேரம் கொடுத்தால் அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? மறுவருகைத் தேதி சொல்வதற்கு முன் "அன்னிக்கு உங்களால வர முடியுமா, வேலையோ கணக்கெடுப்போ இருக்கா?" என்று கேட்கச் சொல்லித்தாருங்கள். சின்ன விஷயம்போலத் தோன்றும். என் அனுபவத்தில் மருந்து தொடர்வதற்கும் நிற்பதற்கும் இந்த ஒரு கேள்விதான் வித்தியாசமாக இருந்திருக்கிறது.

மனநலத்திலும் 'இன்று' என்பதற்கு இவ்வளவு எடை உண்டு. 2005இல் போர்ட்டர், ஹஸ்லம் என்ற இருவர் அகதிகளின் மனநலம் பற்றிய 56 ஆய்வறிக்கைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முகாம், விடுதி போன்ற இடங்களில் வைக்கப்பட்டவர்கள், வேலைக்கும் வருமானத்துக்கும் வழி அடைபட்டவர்கள், விட்டுவந்த மோதல் இன்னும் தீராதவர்கள் ஆகியோருக்கு மனநலம் மோசமாக இருந்தது. ஆஸ்திரேலியாவில் தஞ்சம் கேட்டுப் போன தமிழர்களிடமே 1990களில் இப்படி ஓர் ஆய்வு நடந்தது. போரில் பட்டதோடு, வந்து சேர்ந்த நாட்டில் பட்டதும் தனியாக மனநோய் அறிகுறிகளைக் கூட்டியது என்று அது காட்டியது. ஆகவே தூக்கம் வராத ஒரு முகாம்வாசியிடம் கடந்தகாலத்தை மட்டும் தோண்டினால் பாதிக் காரணத்தை விட்டுவிடுவோம். பத்துக்குப் பத்து அடி வீட்டில் ஐந்து பேர், தகரக் கூரை, பொதுக் கழிப்பறை, வயதுக்கு வந்த பெண் என்றால் தூக்கம் எங்கிருந்து வரும்? புதிய வீடுகள் கட்டித்தரும் திட்டம் 2021 நவம்பரில் வேலூர் மேல்மொணவூரில் தொடங்கியது. வீடு மாறியவர்களிடமும் மாறாதவர்களிடமும் தூக்கத்தைப் பற்றிக் கேட்டு வரச் சொல்லுங்கள். வீட்டு வசதியும் உடல்நலமும் என்ற பாடத்தை மாணவர்கள் புத்தகத்தைத் திறக்காமலே புரிந்துகொள்வார்கள்.

சரி, அப்படியானால் கடந்தகாலத்தைக் கேட்கவே கூடாதா? கேட்கலாம், முறை இருக்கிறது. கனடாவில் குடியேறிகளுக்கும் அகதிகளுக்குமான மருத்துவ வழிகாட்டுதல்கள் 2011இல் வெளியாயின. நன்றாக இயங்கிக்கொண்டிருக்கும் ஒருவரிடம் வன்கொடுமை அனுபவங்களை வழக்கமான கேள்வியாகக் கேட்டு வற்புறுத்தி வெளிக்கொண்டுவருவது நன்மையைவிடத் தீமையே செய்யலாம் என்று அவை சொல்கின்றன. காரணமில்லாத உடல்வலி, தூக்கமின்மை, சட்டென்று திடுக்கிடுவது, வீட்டில் ஒதுங்கிக்கொள்வது போன்ற அறிகுறிகளுக்குக் கண்ணைத் திறந்து வைத்திருங்கள் என்பதே அவற்றின் அறிவுரை. மாணவர்களுக்கு நான் சொல்வது: கதவைத் திறந்து வையுங்கள், உள்ளே இழுக்காதீர்கள். "இந்த வலிக்கு முன்னால உடம்புக்கோ மனசுக்கோ பெரிசா ஏதாவது நடந்திருந்தா, எப்ப வேணும்னாலும் சொல்லலாம், சொல்லலைன்னாலும் பரவாயில்லை" என்ற அளவு போதும். சொல்ல ஆரம்பித்தால் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும். முடித்த பிறகு அவரை அப்படியே விட்டுவிட்டு எழுந்துபோகக் கூடாது; இன்று வீட்டுக்குப் போனதும் யார் கூட இருப்பார்கள், இரவு எப்படிப் போகும் என்று பேசிவிட்டுத்தான் எழ வேண்டும். தற்கொலை எண்ணத்தை மட்டும் நேரடியாகவே கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. டெலி-மானஸ் 14416 எண்ணை மாணவர் தன் செல்போனில் வைத்திருக்கட்டும். மனநலத் துறையில் யாரிடம் அனுப்புவது என்பதும் முன்கூட்டியே பேசி வைத்ததாக இருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் வடக்கில் பல பத்தாண்டுகள் பணியாற்றி எழுதியவற்றில் ஒரு முக்கியமான கருத்து உண்டு: போர் தனிமனிதரை மட்டும் காயப்படுத்தவில்லை, குடும்பத்தையும் ஊரையும் அவற்றின் நம்பிக்கையையும் சேர்த்துக் குலைத்தது, ஆகவே மீட்பும் கூட்டாகவே நடக்க வேண்டும். முகாமில் இது கண்ணெதிரே தெரியும். காணாமல் போன மகனுக்குத் திதி கொடுப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்ய முடியாத தாய்க்கு மாத்திரையால் மட்டும் ஆவது குறைவு. கோயில் திருவிழா, மாதா கோயில் ஜெபம், பெண்கள் சுய உதவிக் குழு, மாலை வகுப்பு நடத்தும் இளைஞர்கள் ஆகியவையும் சிகிச்சையில் சேர்ந்தவையே. மாணவர் குறிப்பேட்டில் இவற்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்கச் சொல்லுங்கள்.

உடலைப் பரிசோதிப்பதில் சில குறிப்பான விஷயங்களைக் கட்டாயம் கற்பிக்க வேண்டும். கடைசிப் போர் நடந்த வன்னியிலிருந்து வந்தவர்களில் சிலர் உடம்பில் ஷெல் துண்டோடு வாழ்கிறார்கள். வலி இல்லாததால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். எம்ஆர்ஐ எழுதுவதற்கு முன் உடம்பில் உலோகம் இருக்கிறதா என்று வழக்கமாகக் கேட்கும் கேள்வியை மாணவர்கள் 'பேஸ்மேக்கர், பிளேட்' என்று மட்டும் கேட்டுப் பழகியிருப்பார்கள். "ஷெல்லடி பட்டிருக்கா, துண்டு ஏதும் எடுக்காம விட்டிருக்காங்களா?" என்று சேர்த்துக் கேட்க வேண்டும், சந்தேகமிருந்தால் முதலில் எக்ஸ்-ரே. கண்ணுக்குள்ளோ தண்டுவடத்துக்குப் பக்கத்திலோ இருக்கும் துண்டு காந்தப்புலத்தில் நகர்ந்தால் என்ன ஆகும் என்று விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

சித்திரவதை பட்டவருக்கு ஈசிஜி ஒயர்களும், பல் மருத்துவரின் நாற்காலியும், இருட்டறையில் நடக்கும் ஸ்கேனும், பின்னாலிருந்து தொடுவதும் பழையதை எழுப்பிவிடக்கூடும். பெண்களுக்கு உள்பரிசோதனை அப்படி. ஆகவே இதைச் செய்யப்போகிறேன், இதற்காக, இவ்வளவு நேரம் ஆகும், வேண்டாமென்றால் கை தூக்குங்கள், நிறுத்திவிடுவேன் என்று சொல்லிவிட்டுத் தொடும் பழக்கம் வேண்டும். யார் சித்திரவதை பட்டவர் என்று நமக்கு முன்கூட்டித் தெரியாது என்பதால் எல்லோரிடமும் இப்படியே நடந்துகொள்ளச் சொல்லுங்கள். முகாமில் கற்ற இந்தப் பழக்கம் மகப்பேறு வார்டிலும் உதவும்.

சித்திரவதைத் தழும்புகளைப் பதிவுசெய்வது பயிற்சி மருத்துவர்களுக்கும் முதுநிலை மாணவர்களுக்கும் உரிய பாடம். அதற்கு ஐ.நா.வின் இஸ்தான்புல் நெறிமுறை 1999இல் வந்தது, 2022இல் திருத்தப்பட்டது. தழும்பு நோயாளி சொல்லும் சம்பவத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதை ஐந்து படிகளில் எழுதும் முறை அதில் இருக்கிறது: பொருந்தவில்லை, பொருந்துகிறது, மிகவும் பொருந்துகிறது, இத்தகைய காயத்தில் வழக்கமாகக் காணப்படும் தோற்றம், வேறெதனாலும் வந்திருக்க முடியாது. அமெரிக்காவில் சில மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்களே தஞ்சம் கோருவோருக்கான பரிசோதனை மையங்களை நடத்துகிறார்கள். வைல் கார்னெல் கல்லூரியில் 2010இல் அப்படி ஒன்று தொடங்கியது. மாணவர் நேரம் ஒதுக்குவது, குறிப்பெடுப்பது, அறிக்கை வரைவது வரை செய்வார்; பரிசோதித்துக் கையெழுத்திடுவது பயிற்சி பெற்ற மருத்துவர். நம் எம்.பி.பி.எஸ். மாணவருக்கு அந்த வரைவை ஒருமுறை எழுதிப் பார்க்கும் பயிற்சி போதும். பார்த்ததைத் துல்லியமாக எழுதுவதும் தீர்ப்புச் சொல்வதும் வேறு வேறு என்பது அதில் நன்றாகப் பிடிபடும்.

தொற்றுநோய் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அகதி என்றாலே நோயைக் கொண்டுவருகிறவர் என்ற எண்ணம் மருத்துவர்களிடமும் இருக்கிறது. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாகச் சான்றளித்தது. இந்தியா அந்த நிலையை இன்னும் எட்டவில்லை. தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பிப் போகிறவர்களுக்கு இலங்கையில் மலேரியா பரிசோதனை செய்கிறார்கள். நோய் போகும் திசை மாணவர் நினைப்பதற்கு நேர் எதிர். பிரசவ மரணமும் சிசு மரணமும் நெடுங்காலமாகவே இந்தியாவைவிட இலங்கையில் குறைவு. நல்ல அடிப்படைச் சுகாதாரம் இருந்த நாட்டிலிருந்து வந்தவர் அந்தப் பாட்டி என்று தெரிந்தால் மாணவரின் பேச்சுத் தொனியே மாறும். முகாமில் இன்று பெரிதாக இருப்பவை நம் தெருக்களில் இருப்பவைதான்: ரத்தக் கொதிப்பு, நீரிழிவு, ரத்தசோகை, குடி, முதுகுவலி.

மொழி ஒன்றாக இருப்பதால் நமக்கு ஒரு வசதி உண்டு. அந்த வசதியே கண்ணை மறைக்கவும் செய்யும். மொழி தெரியாத அகதியையும் மாணவர் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். சென்னைக்குத் தெற்கே கேளம்பாக்கத்தில் ரோஹிங்கியா குடும்பங்கள் பல ஆண்டுகளாக வாழ்கின்றன. அவர்கள் மொழி சிட்டகாங் வங்காளத்துக்கு நெருக்கமானது. இங்கே பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குத் தமிழ் வந்துவிட்டது. அதனால் ஆஸ்பத்திரிக்கு வரும்போது பத்து வயதுப் பெண்ணையே மொழிபெயர்ப்பாளராக அழைத்து வருவார்கள். அம்மாவின் ரத்தப்போக்கைப் பற்றிக் குழந்தை வாயால் கேட்கும் நிலைக்கு மாணவர் ஒருநாளும் பழகிவிடக் கூடாது. பெரியவர் ஒருவரை, முடிந்தால் தொலைபேசியிலாவது, ஏற்பாடு செய்ய வேண்டும். பேசும்போது மொழிபெயர்ப்பவரைப் பார்க்காமல் நோயாளியைப் பார்த்துப் பேசுவது, ஒரு நேரத்தில் ஒரு வாக்கியம் சொல்வது, கடைசியில் "மாத்திரையை எப்படிச் சாப்பிடுவீங்க, நீங்களே சொல்லுங்க" என்று திருப்பிச் சொல்லவைப்பது ஆகியவற்றை நடித்துப் பார்த்துப் பழக்கலாம். தடுப்பூசி வரலாறும் இங்கே வேறு. 2017 இறுதியில் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களில் ரோஹிங்கியாக்களிடையே தொண்டை அடைப்பான் பெரிதாகப் பரவியது. அங்கே மியன்மாரில் தடுப்பூசி ஒழுங்காகக் கிடைக்காமல் வளர்ந்தவர்கள் அவர்கள். அட்டை இல்லாத வயதுவந்தவருக்கும் தடுப்பூசி தேவை என்பதை நம் மாணவர்கள் குழந்தை மருத்துவத்தோடு மறந்துவிடுகிறார்கள்.

தமிழ் மாணவர்களுக்கு மட்டுமே உள்ள ஒரு சிக்கலையும் பேச வேண்டும். ஈழம் என்றதும் நம் வீடுகளில் ஏற்கெனவே ஓர் உணர்ச்சி இருக்கிறது. சிலர் மேடையில் கேட்ட 'தொப்புள்கொடி உறவு' என்ற பேச்சோடு வருவார்கள். சிலர் 1991இல் நடந்த ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு பெற்றோரிடமிருந்து வாங்கிய சந்தேகத்தோடு வருவார்கள். முதலாமவர் நோயாளியிடம் வீரக்கதை கேட்பார், இரண்டாமவர் கேள்வியே கேட்கமாட்டார். இரண்டிலும் நோயாளிக்கு நஷ்டம். முகாமுக்குப் போவதற்கு முந்தைய வகுப்பில் இதை வெளிப்படையாகப் பேசச் சொல்லுங்கள். எந்தக் கருத்தும் வைத்துக்கொள்ளலாம். நோயாளி அருகே இயக்கம், அரசியல், யார் பக்கம் என்ற பேச்சு வரக்கூடாது. அப்படிப்பட்ட ஒரு கேள்வியின் பதில் முகாமில் ஒரு குடும்பத்துக்குத் தொல்லையாக முடியலாம். முகாம்கள் தமிழ்நாட்டு உளவுப் போலீஸான கியூ பிரிவின் கண்காணிப்பில் இருப்பவை. யாரிடம் என்ன சொன்னால் எங்கே போகும் என்ற கணக்கு அங்கே வாழ்பவர்களின் மனதில் எப்போதும் ஓடும்.

ஆகவே ரகசியம் காப்பது இங்கே கூடுதல் கண்டிப்போடு கற்பிக்கப்பட வேண்டும். சிகிச்சைக்குத் தேவையானது மட்டும் கேஸ் ஷீட்டில் போகட்டும். யார் எந்த வழியில் வந்தார், யார் வெளிநாட்டுக்குப் படகேற முயன்றார், வெளியூரில் எங்கே தங்கி வேலை செய்கிறார் என்பதெல்லாம் மருத்துவக் குறிப்பில் வரத் தேவையில்லை. வார்டில் கேஸ் சொல்லும்போது "சிலோன் ரெஃப்யூஜி, 45 வயது" என்று தொடங்குவதை நிறுத்துங்கள். 45 வயது, பெயிண்டர், மூன்று வாரமாக இருமல் என்றால் போதும். போட்டோ எடுப்பதற்கு முழுத் தடை விதியுங்கள், கல்லூரி ஆண்டுமலருக்குக்கூட வேண்டாம்.

இனி எப்படி நடத்துவது என்பது. ஒருநாள் மருத்துவ முகாம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பந்தல் போட்டு, பி.பி. பார்த்து, சத்து மாத்திரை கொடுத்து, பேனருக்கு முன் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவதில் மாணவர் கற்பது ஒன்றுமில்லை. முகாம்வாசிகள் இதை எத்தனையோ முறை பார்த்துச் சலித்தவர்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் 2021-22 சேர்க்கையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. முதலாண்டிலிருந்தே மாணவர் சில குடும்பங்களைப் பொறுப்பேற்று ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். முகாம் அமைந்திருக்கும் ஊராட்சியைத் தேர்ந்தெடுத்து, ஒரு மாணவருக்கு ஊரில் சில குடும்பம், முகாமில் ஒரு குடும்பம் என்று பிரித்துக் கொடுங்கள். புதிய பாடவேளை எதுவும் கேட்க வேண்டியதில்லை. ஊர்க் குடும்பத்தையும் முகாம் குடும்பத்தையும் ஒரே மாணவர் தொடர்ந்து பார்க்கும்போது எது வறுமையால் வந்தது, எது குடியுரிமை இல்லாததால் வந்தது என்று அவரே பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வார். தகவல்தொடர்பு, மருத்துவ அறம் பற்றிய அட்காம் வகுப்புகளில் அந்த அனுபவத்தைக் கொண்டுவந்து பேசலாம்.

அந்த மாணவரின் வேலை என்ன? நோயைக் கண்டுபிடிப்பது இரண்டாவது. முதலில் வழிகாட்டுவது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் முகாம்வாசிகளுக்கு வருமான வரம்பு கிடையாது. ஆனால் அட்டை வாங்காத குடும்பங்கள் இருக்கும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறதா என்று பார்க்க வேண்டும். வெளியூர் வேலைக்குப் போகிறவருக்கு இரண்டு மாத மாத்திரை சேர்த்துத் தர ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் பேச வேண்டும். அலுவலகத்தில் ஏதாவது தாள் கேட்டு நோயாளியைத் திருப்பி அனுப்பினால் எந்த விதிப்படி என்று பணிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கனடாவில் 2012இல் அகதிகளுக்கான மருத்துவக் காப்பீட்டை அரசு வெட்டியபோது மருத்துவர்களும் மாணவர்களும் வெள்ளைக் கோட்டோடு தெருவில் இறங்கினார்கள். 2014இல் கூட்டாட்சி நீதிமன்றம் அந்த வெட்டு கொடூரமானது என்றது. 2016இல் காப்பீடு முழுதாகத் திரும்பியது. நம் மாணவர் தெருவில் இறங்க வேண்டியதில்லை. ஒரு நோயாளிக்காகத் துறைத்தலைவர் கையெழுத்தோடு ஒரு கடிதம் எழுதத் தெரிந்தால் போதும், அதையும் தேர்வுக்குரிய திறனாக வைக்கலாம்.

முகாம்வாசிகளை ஆசிரியர்களாக்குங்கள். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் என்ற தொண்டு நிறுவனம் இலங்கைத் தமிழரான சந்திரஹாசன் 1984இல் தொடங்கியது. முகாம் பெண்களையும் இளைஞர்களையுமே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்த அனுபவம் அதற்கு உண்டு. அப்படிப் பயிற்சி பெற்ற ஒருவர் உங்கள் முகாமிலும் இருக்கக்கூடும். அவர் அரை மணி நேரம் பேசினால் நம் பவர்பாயின்ட் எதுவும் தேவைப்படாது. ஆனால் அவருக்குக் கல்லூரி மதிப்பூதியம் கொடுக்க வேண்டும், வெளியிலிருந்து வரும் எந்தப் பேச்சாளருக்கும் கொடுப்பதைப் போலவே. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வருகிறவர் அவர்.

முகாம் போய்வந்த அன்றே மாணவர்களோடு அரை மணி உட்காருங்கள். கேட்டது சிலரை உலுக்கியிருக்கும், சிலர் ஒன்றுமே நடக்காததுபோல் இருப்பார்கள். இரண்டு வகையினரையும் கவனிக்க வேண்டும். மனம் திறந்து எழுதச் சொல்லி அதற்கு மார்க் போடாதீர்கள். மார்க்குக்காகக் கண்ணீர் எழுதப் பழகிவிடுவார்கள்.

மதிப்பீட்டுக்கு ஓஸ்கி தேர்வில் (மாணவர் நிலையம் நிலையமாகப் போய்த் தன் செய்முறைத் திறனைக் காட்டும் தேர்வு) ஒரு நிலையம் போதும். நான் வைப்பது இது: 50 வயதுப் பெயிண்டர், சர்க்கரை கட்டுப்படவில்லை, இன்சுலின் வேண்டாம் என்கிறார். மாணவர் ஏன் என்று கேட்டால் மட்டும் ஒவ்வொன்றாக வெளியே வரும்: வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை, மாதத்தில் பாதி நாள் வெளியூரில் சைட்டிலேயே படுக்கை, ஊசி போடுவதை மேஸ்திரி பார்த்தால் வேலை போகும் என்ற பயம். மண்பானையில் மணலும் தண்ணீரும் வைத்து இன்சுலினைக் குளுமையாக வைக்கும் முறையைச் சொன்னாரா, மாத்திரையை மாற்றிப் பார்க்கலாமா என்று யோசித்தாரா, மறுவருகை நாளை அவரோடு பேசி முடிவுசெய்தாரா என்பதற்கெல்லாம் மார்க். போரைப் பற்றி விசாரித்ததற்கு மார்க் இல்லை.

முதல் ஆண்டு ஒரு சிறு குழுவோடு தொடங்குங்கள், முழு பேட்ச்சையும் அழைத்துப் போகாதீர்கள். முகாமுக்குள் போக மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். ஆட்சியர் அலுவலகத்துக்கு டீன் கடிதம் இந்த மாதமே போகட்டும், தாசில்தாரிடமும் முகாம் தலைவரிடமும் நீங்கள் நேரில் போய்ப் பேசுங்கள். குழுவில் பெண் மருத்துவர் ஒருவராவது இருக்க வேண்டும். மாணவர் விடுமுறையில் ஊருக்குப் போகும் நாட்களில் குடும்பங்கள் யாரைக் கூப்பிடுவது என்று ஒரு பெயரும் எண்ணும் முதல் நாளே அவர்கள் கையில் இருக்கட்டும்.